கோசோங்

ஜாலான் ஈப்போவில், டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
ஏர்கான் சொட்டும் இடத்தில் ஒரு மைலோ டின்.
இங்கே உட்கார்ந்துதான்
எரிந்த வீடுகளை எண்ணுகிறேன்.

வேலை சுலபம். நவம்பர்ப் படம் இடப்பக்கம்,
பிப்ரவரிப் படம் வலப்பக்கம்.
இடத்தில் கூரை, வலத்தில் சாம்பல் சதுரம் என்றால்
ஒன்று போடவேண்டும். கூரை அப்படியே இருந்தால் பூஜ்யம்.
சுவர் மட்டும் நின்றால் ஹுய் ஷானைக் கேட்கவேண்டும்.
அகச்சிவப்பில் மரங்கள் சிவப்பாகத் தெரியும்.
முதல் மாதம் இலைகளையெல்லாம் ரத்தம் என்று நினைத்துத்
தூக்கம் கெட்டேன். இப்போது இல்லை.
சிவப்பு என்றால் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

ஒரு புள்ளி ஐம்பது சென்டிமீட்டர்.
விழுந்து கிடக்கும் ஆள் மூன்று புள்ளி.
மூன்று புள்ளியை வைத்துக்கொண்டு
எந்த நீதிமன்றத்திலும் பேச முடியாது.
ஆகவே ஆட்களை நாங்கள் எண்ணுவதில்லை.

புதன்கிழமை ஷஃபி உல்லா வந்தார்.
செலாயாங் மொத்தச் சந்தையில் மூட்டை இறக்குகிறவர்;
சட்டையில் ஈர முட்டைக்கோஸ் வாடை.
நான் கேட்காமலே ஐ.நா. அட்டையை மேசைமேல் வைத்தார்.
காட்டிக் காட்டி அதன் விளிம்பு உரிந்திருந்தது.
எங்களுக்குள் மலாய்தான்:
எனக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தது, அவருக்குச் சந்தை.

கோப்பில் அந்த ஊருக்குப் பெயரில்லை. ம-17.
அவர் பெயரைச் சொன்னார், இரண்டு முறை.
என் வாயில் அது நிற்கவில்லை.
ஆற்றைப் பிடித்துக்கொண்டு அவர் விரல் மேலேறியது,
பள்ளிவாசல் இருந்த கறுப்பைத் தாண்டி,
குளத்தருகே வலப்பக்கம் திரும்பி,
நின்றது.

கூரை இருந்தது.

சந்தோஷப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.
"பாருங்கள், உங்கள் வீடு எரியவில்லை."
அந்த வரிசையில் போன வாரம் நானேதான் போட்டிருந்தேன்:
சேதம், 0.

"எத்தனை மணிக்கு எடுத்த படம்?"
காலை பத்து நாற்பது.
"வெள்ளிக்கிழமையா?"
பார்த்தேன். செவ்வாய்.
முற்றத்தையே வெகுநேரம் பார்த்தார்.
"இந்நேரம் இங்கே ஒரு பாயில் மிளகாய் காயும்.
தம்பி மனைவி பரப்பி வைப்பாள்.
உன் மேசையைப் போல் இரண்டு மடங்கு பாய்.
சிவப்பு. இந்தச் சிவப்பு இல்லை, நிஜச் சிவப்பு."
பிறகு சொன்னார்:
"கோசோங்."

நான் தினமும் சொல்லும் சொல்.
மாமாக் கடையில் ரொட்டி கோசோங், கோப்பி ஓ கோசோங்.
கைப்பேசி எண் சொன்னால் முதலில் கோசோங்.
முட்டை இல்லாதது, சீனி இல்லாதது, பூஜ்யம்.
ஆள் இல்லாத வீட்டுக்கும் அதுதான் சொல்;
வாடகை அறிவிப்புகளில் படித்திருக்கிறேன்.

என் அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது.
எரிந்தது, இடிந்தது, சேதமில்லை, மேகம்.
'குறிப்பு' என்ற இடத்தில்
மிளகாய்ப் பாய் இல்லை என்று அடித்தேன்.
ஹுய் ஷான் அழித்துவிடுவாள்.
அழிக்கத்தான் வேண்டும்; கூண்டில் ஏறி
குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறவள் அவள்.

வெளியே நான்கு மணி மழை பிடித்துக்கொண்டது.
கிளம்ப எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.
"இந்தக் கண் இங்கேயும் பார்க்குமா?"
பார்க்கும். ஆனால் கோலாலம்பூர்மேல் எந்நேரமும் மேகம்.
"மேகமில்லாத ஒரு நாளைத் தேடு."
தம்பியின் பெயரைச் சொன்னார்.
ஏற்றிக்கொண்டு போன லாரியின் நிறத்தைச் சொன்னார்.
பதினோரு மாதம். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே,
தோட்டங்களுக்கு நடுவே, தடுப்பு முகாம்.

நாள் நாளாகப் பின்னே போனேன்.
வெள்ளை. வெள்ளை. வெள்ளை.
பிறகு திறந்தது:
நான்கு தகரக் கூரைகள், நூல் பிடித்தாற்போல,
மழை கழுவிக் கவிழ்த்து வைத்தவை.
சுற்றிலும் செம்பனை, என் திரையில் சிவப்புச் சிவப்பாய், உயிரோடு.
ஓர் ஓட்டை இல்லை. கரி இல்லை.

நான் என்ன போடப்போகிறேன் என்று
ஷஃபி உல்லா
என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.